வல்லவளுக்குப் புல்லும் ஆயுதம்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று பழமொழி சொல்வார்கள். அந்தப் பழமொழியைக் கட்டியவர் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'வல்லவளுக்கும்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க மாட்டாரா? கனடா தேசத்தில் ஒரு சின்னஞ்சிறு ஊரில் ஒரு பெண்மணி, வீட்டு வாசலில் முளைக்கும் சாதாரணப் புல்லை வைத்துக்கொண்டு, தேசத்தின் சட்டத்தையே மாற்றிக் காட்டியிருக்கிறார். அவர் கையில் கத்தி இல்லை, கம்பு இல்லை. மாதா மாதம் நகரசபைக் கூட்டத்துக்குப் போனார், எழுந்து நின்றார், பேசினார், வீட்டுக்குத் திரும்பினார். மறு மாதம் மறுபடியும் போனார். அவ்வளவுதான்!

"புல்லுக்காக ஒரு போராட்டமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் அந்த ஊர்ப் புல்லின் மகிமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

வாசலில் ஒரு பச்சைக் கம்பளம்

நம் வீட்டு வாசலுக்குக் கோலம் எப்படியோ, அப்படி கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு வாசலுக்குப் புல்தரை. கோலம் போடாத வாசலைப் பார்த்தால் எதிர்வீட்டு மாமி என்ன நினைப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கதைதான். புல் ஒரே உயரமாக, ஒரே பச்சையாக, நடுவில் வேறு ஒரு செடியும் தலைகாட்டாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது கௌரவமான குடும்பம். நடுவில் நாலு மஞ்சள் பூ பூத்துவிட்டாலோ, அந்த வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள் என்று தெருவே தீர்மானித்துவிடும்.

அந்த மஞ்சள் பூவுக்கு டாண்டிலயன் என்று பெயர். வசந்த காலத்தில் எங்கு பார்த்தாலும் பூக்கும். பூ முற்றினால் எருக்கம் பஞ்சு போல வெள்ளையாகப் பிரிந்து, ஒரு காற்றடித்தால் போதும், பத்து வீட்டு வாசலுக்கும் விதை பறந்து போகும். குழந்தைகளுக்கு அதை ஊதிப் பறக்க விடுவது என்றால் கொள்ளைப் பிரியம். அப்பாக்களுக்கோ அதைக் கண்டால் ஆகாது.

இந்தப் பூவை ஒழிப்பதற்கென்று 1940-களின் நடுவில் ஒரு ரசாயனம் கடைக்கு வந்தது. 2,4-டி என்று அதற்குப் பெயர். அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. செடிகள் வளர்வதற்கு அவற்றுக்குள்ளேயே ஒரு ரசம் ஊறுகிறது. 2,4-டி அந்த ரசத்தைப் போல வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. அகன்ற இலைச் செடிகள் அதைக் கண்டு ஏமாந்து, தலைகால் தெரியாமல் கோணல்மாணலாக வளர்ந்து, தாங்க மாட்டாமல் மடிந்துபோகின்றன. புல்லினத்துக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

இதிலே ஒரு வேடிக்கை கேளுங்கள். அதற்கு முன்பெல்லாம் புல்தரைக்கு விதை வாங்கினால், குளோவர் என்ற மூவிலைச் செடியின் விதையையும் கலந்தே கொடுப்பார்கள். குளோவர் நம் அவரை, துவரை வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாகக் கொடுக்கும் நல்ல செடி. ஆனால் அதுவும் அகன்ற இலைச் செடியாயிற்றே! புது ரசாயனம் டாண்டிலயனோடு குளோவரையும் கொன்றது. குளோவரைக் காப்பாற்ற வழியில்லை என்றதும் அதையும் 'களை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நேற்று வரை மருமகளாக இருந்தவள் இன்று அயலாளாகிவிட்டாள். குளோவர் போனதும் உரத்தைக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. செலவுக்கு மேல் செலவு!

பெயர் மருந்து, தொழில் கொலை

தமிழில் நாம் இவற்றைப் 'பூச்சி மருந்து' என்று சொல்கிறோம். ஜுரத்துக்குக் கொடுப்பதும் மருந்து, கரப்பான் பூச்சியைக் கொல்வதும் மருந்து! பெயரைக் கேட்டால் ஏதோ பூச்சிக்கு உடம்பு சரியில்லை, அதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று தோன்றும். பூச்சியைக் கொன்றாலும் செடியைக் கொன்றாலும் இவை செய்யும் தொழில் ஒன்றுதான், கொல்வது.

வயலில் பயிரைக் காப்பாற்ற உழவர் மருந்தடிக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்துப் பேர் சாப்பிட வேண்டும். புல்தரையை யார் சாப்பிடப் போகிறார்கள்? அழகுக்காக மட்டும் விஷம் தெளிப்பது சரியா என்பதுதான் கேள்வி. மருந்தடிக்கும் கம்பெனிக்காரர்கள் வந்து தெளித்துவிட்டு, புல்தரையில் ஒரு சிறு எச்சரிக்கை அட்டையை நட்டுவிட்டுப் போவார்கள். பெரியவர்கள் படித்துக்கொள்ளலாம். தவழும் குழந்தைக்குப் படிக்கத் தெரியுமா? நாய்க்குட்டிக்குத் தெரியுமா?

மேலும், புல்தரையில் தெளித்தது புல்தரையிலேயே நின்றுவிடுவதில்லை. செருப்பிலும் நாயின் பாதத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. வெளியே வெயிலும் மழையும் மண்ணிலுள்ள கிருமிகளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். வீட்டுக்குள் ஜமக்காளத்தில் படிந்தால் வெயில் ஏது, மழை ஏது? அந்த ஜமக்காளத்தில்தான் குழந்தை உட்கார்ந்து பொம்மையை வாயில் வைத்துச் சப்புகிறது.

ஜூன் வந்தார், பன்னிரண்டு மாதமும் வந்தார்

மான்ட்ரீல் நகரத்துக்கு மேற்கே ஹட்சன் என்று ஓர் ஊர். கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தது. பிற்பாடு வழக்கு நடந்தபோது கோர்ட்டார் குறித்த கணக்குப்படி ஜனத்தொகை 5,400. நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம் என்று சொல்லலாம். அங்கே தோல் வைத்திய நிபுணராக இருந்தவர் டாக்டர் ஜூன் இர்வின்.

தம்மிடம் வந்த நோயாளிகளின் தொல்லைகளுக்கும், தெருத்தெருவாகப் புல்தரையில் தெளிக்கப்படும் ரசாயனங்களுக்கும் தொடர்பு இருக்கலாமோ என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. டாக்டர்களுக்குச் சந்தேகம் வருவது புதிதல்ல. இந்த டாக்டர் சந்தேகத்தை மருந்துச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1985-ஆம் ஆண்டிலிருந்து நகரசபைக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். கையில் கடிதத்தோடு போய், இந்த ரசாயனங்களைப் பற்றி எடுத்துச் சொல்லி, "ஊர் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு நகரசபை என்ன செய்யப் போகிறது?" என்ற தோரணையில் கேட்டார்.

ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, 6 வருஷம்! நகரசபைக் கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாக்கடை, விளக்குக் கம்பம், வரி பாக்கி - இவற்றுக்கு நடுவே புல்தரையைப் பற்றிப் பேச ஓர் அம்மாள் எழுந்தால், முதலில் கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படித்தான் நடந்தது. நகரசபையில் ஆட்கள் மாறினார்கள், எண்ணமும் மாறியது.

1991-ஆம் ஆண்டு மே மாதம் ஹட்சன் நகரசபை தனது 270-ஆம் எண் விதியை நிறைவேற்றியது. ஊர் எல்லைக்குள் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் தெளிக்கக் கூடாது என்பது பொதுவான கட்டளை. விதி கண்மூடித்தனமானது அல்ல. நீச்சல் குளத்துக்குப் போடலாம், குடிநீரைச் சுத்தம் செய்யப் போடலாம், வீட்டுக்குள்ளே உபயோகிக்கலாம். மனிதருக்கு ஆபத்தான பிராணிகளையும், பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும் செடிகளையும் ஒழிக்கலாம். உழவர்களுக்குத் தனி ஏற்பாடு. கோல்ஃப் மைதானங்களுக்கு 5 வருஷத்துக்கு மேற்படாத அவகாசம். தடை விழுந்தது அழகுக்காகத் தெளிப்பதன் மேல்தான்.

இரண்டு கம்பெனிகளும் ஒரு சிற்றூரும்

விதி வந்த மறு ஆண்டு, 1992-இல், ஸ்ப்ரேடெக், கெம்லான் என்ற இரண்டு புல்தரைக் கம்பெனிகள் விதியை மீறி மருந்தடித்ததாக நகரசபை குற்றம் சாட்டியது. கம்பெனிகள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை. "இந்த விதியே செல்லாது" என்று கோர்ட்டுக்குப் போய்விட்டன.

அவர்களுடைய வாதத்தைச் சாமானியமாக நினைத்துவிடாதீர்கள். "எங்கள் மருந்துகளை மத்திய சர்க்கார் பரிசீலித்து அனுமதித்திருக்கிறது. எங்களுக்கு மாகாண சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. தேசமும் மாகாணமும் 'சரி' என்று சொன்னதை ஒரு சின்ன ஊர் 'கூடாது' என்று சொல்லலாமா?" என்று கேட்டார்கள்.

இதை நம் அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம். மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு லைசென்ஸ் இருக்கிறது. அதனால் எந்தத் தெருவிலும், எந்த நேரத்திலும் நுழையலாம் என்று அர்த்தமா? பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இந்தத் தெருவில் வண்டி வரக் கூடாது என்று ஊர் சொன்னால், லைசென்ஸ் பொய்யாகிவிடுமா? இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஏறக்குறைய இதே தர்க்கத்தைத்தான் கோர்ட்டுகளும் ஏற்றுக்கொண்டன. 1993-இல் கீழ்க் கோர்ட்டில் ஹட்சன் ஜெயித்தது. 1998-இல் அப்பீல் கோர்ட்டிலும் ஜெயித்தது. கம்பெனிகள் கனடாவின் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின.

2001-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வழக்கைக் கேட்ட நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமுகமாக ஹட்சன் பக்கம் நின்றார்கள். பிரதானத் தீர்ப்பை எழுதியவரும் ஒரு பெண்மணியே - நீதிபதி கிளேர் லெரூ-துபே. ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக விதி செய்ய நகரசபைக்கு அதிகாரம் உண்டு. ஒரு காரியத்தால் யாருக்குப் பாதிப்போ அவர்களுக்கு மிகவும் சமீபத்தில் இருக்கும் சபையே அதைப் பற்றித் தீர்மானிப்பது பல சமயங்களில் உசிதம் என்று அவர் எழுதினார். வீட்டு வாசல் சங்கதியைத் தலைநகரத்தில் தீர்மானிப்பானேன் என்று நாம் இதைப் பாமர மொழியில் சொல்லலாம்.

பாலாற்றங்கரையிலிருந்து ஒரு சாட்சி

இந்தத் தீர்ப்பைப் படித்துக்கொண்டே வந்தால் தமிழர் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காரும்படியான ஓர் இடம் வருகிறது. அங்கே வேலூர் என்ற பெயர் காணப்படுகிறது! கனடாவின் புல்தரை வழக்கில் வேலூருக்கு என்ன வேலை?

வட ஆற்காட்டுப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் பாழாக்கியதை எதிர்த்து, வேலூர் மக்கள் நல மன்றம் இந்திய சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு அதில் ஒரு முக்கியமான தீர்ப்புக் கிடைத்தது. கெடுதல் பெரிதாக வரக்கூடும் என்று தோன்றும்போது, விஞ்ஞானம் முழுக்க முழுக்க ருசுவாகவில்லை என்று காரணம் சொல்லி, தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதிலே வற்புறுத்தப்பட்ட தத்துவங்களில் ஒன்று. வருமுன் காத்தல் என்று நாம் சொல்வதுதான். 5 ஆண்டு கழித்து ஹட்சன் தீர்ப்பில் அதே தத்துவத்தைப் பற்றிப் பேசும்போது, கனடா நீதிபதிகள் இந்திய சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளை எடுத்துக்காட்டினார்கள். வேலூர் வழக்கும் அவற்றில் ஒன்று.

கிணற்றுத் தண்ணீர் கெட்டதென்று பாலாற்றங்கரையில் ஜனங்கள் எழுப்பிய குரல், கனடாவில் ஒரு குழந்தை விளையாடும் புல்தரைக்குக் காவலாகப் போய் நின்றது என்றால், நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை.

அண்டை வீட்டில் நடந்தது வேறு

ஹட்சன் விதி நிறைவேறிய அதே 1991-இல், பக்கத்து தேசமான அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. விஸ்கான்ஸின் மாநிலத்தில் கேஸி என்ற சிற்றூர் பூச்சி மருந்துக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. தேசியச் சட்டம் அதற்குத் தடையாக இல்லை என்று கோர்ட்டார் கேஸியின் பக்கமே சொன்னார்கள்.

அங்கே ஊர்கள் ஜெயித்ததோடு கதை முடியவில்லை. மருந்துத் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோர்ட்டை விட்டுவிட்டு மாநிலச் சட்டசபைகளின் கதவைத் தட்டினார்கள். "பூச்சி மருந்து விஷயத்தில் உள்ளூர் சபைகள் விதி செய்யக் கூடாது" என்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருக்கிறது. அப்படித் தடை இல்லாத மேரிலாண்ட் மாநிலத்தில் மான்ட்கோமரி கவுன்ட்டி 2015-இல் புல்தரைக்குக் கட்டுப்பாடு கொண்டுவர முடிந்தது. ஆக, ஊர் ஜெயித்தால் மட்டும் போதாது. ஜெயித்ததைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஜனங்கள் விழித்திருக்க வேண்டும்.

கனடாவில் விழித்திருந்தார்கள். ஹட்சன் தீர்ப்புக்குப் பிறகு, ஒன்றைப் பார்த்து ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் விதி செய்தன. 2003-இல் கியூபெக் மாகாணம் முழுவதற்குமே ஒரு சட்டத் தொகுப்பு வந்தது. குழந்தைகள் காப்பகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அதிலே தனிக் கண்டிப்பு. டொராண்டோ நகரசபையும் 2003-இல் விதி செய்து 2004 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. 2009 ஏப்ரல் 22-இல் ஆன்டாரியோ மாகாணம் முழுவதும் தடை வந்தது. தெளிப்பதோடு விற்பதும் கூடாது என்று 250-க்கும் மேற்பட்ட பண்டங்கள் கடை அலமாரியிலிருந்து இறங்கின. ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ குடியிருக்கும் உங்கள் பெண்ணோ பிள்ளையோ வீட்டு வாசலில் மஞ்சள் பூ பூத்திருக்கும் போட்டோ அனுப்பினால், காரணம் இதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். மருமகள் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்!

சட்டமா, பாடமா?

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். "சட்டம் போட்டு ஜனங்களைத் திருத்த முடியுமா? எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ள மாட்டார்களா?" என்று எங்கும் ஒரு விவாதம் உண்டு. கனடாவிலும் இருந்தது. பல ஊர்களில் சட்டம் வேண்டாம், துண்டுப் பிரசுரமும் பிரசங்கமும் போதும் என்று ஆரம்பித்தார்கள்.

எது பலித்தது என்று 2004-இல் கனடாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பல ஊர்களின் அனுபவத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. பாடம் மட்டும் நடத்திய ஊர்களில் பூச்சி மருந்தின் உபயோகம் குறைந்த அளவு நூற்றுக்கு 10 முதல் 24 பங்குக்கு மேல் போகவில்லை. விதியும் செய்து, அதோடு பாடமும் நடத்திய ஊர்களில்தான் நூற்றுக்கு 51 முதல் 90 பங்கு வரை குறைந்திருந்தது. எவ்வளவு பெரிய வித்தியாசம், பார்த்தீர்களா?

ஏன் அப்படி? கோலத்தைப் பற்றி முதலில் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மருந்தடிப்பவர்களில் பலருக்கு அதன் மேல் ஆசை இல்லை. பக்கத்து வீட்டுக் கண்களுக்குத்தான் பயம். துண்டுப் பிரசுரத்தைப் படித்து, "உண்மைதான், இது விஷம்தான்" என்று ஒரு குடும்பத் தலைவி ஒப்புக்கொள்கிறாள். ஆனால் தெருவிலே தன் வீட்டு வாசல் மட்டும் மஞ்சள் பூவோடு நின்றால் அவமானம் அல்லவா? எல்லாரும் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால் யார்தான் நிறுத்துவது? விதி என்று ஒன்று வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தெரு முழுவதும் மஞ்சள் பூ பூக்கும்போது யாருக்கும் அவமானம் இல்லை. பயமுறுத்துவதோடு, நல்ல புத்தியோடு நடக்க விரும்புகிறவர்களுக்குத் துணை நிற்பதும் சட்டத்தின் வேலைதான்.

அதே சமயம், வெறும் சட்டமும் பலிக்காது. வாசலுக்கு வாசல் போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? "அடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, "வேறு என்ன செய்யலாம்" என்பதைச் சொல்லாமல் விட்டால், ராத்திரியில் ஒளிந்து அடிப்பார்கள். டொராண்டோவில் இதை உணர்ந்து, விதி அமலுக்கு வந்ததும் அபராதச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. முதலில் சொல்லிக் கொடுத்தார்கள், எச்சரித்தார்கள், அப்புறம்தான் தண்டனை. நல்ல தாயார் செய்வதும் அதுதானே?

விஷம் இல்லாமல் புல் வளர்க்கும் வித்தை

அவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றும் பிரமாதமானது அல்ல. நம் பாட்டிமார்களுக்குத் தோட்டத்தில் தெரிந்திருந்த சங்கதிகள்தாம்.

புல்லை ஒட்ட வெட்டாமல் 7, 8 சென்டிமீட்டர் உயரம் விடுங்கள். புல்லின் நிழலில் களை விதைக்கு வெயில் கிடைக்காது, முளைக்காது. வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அங்கேயே விடுங்கள். அதுவே மக்கி உரமாகும். தினம் கொஞ்சம் தெளிக்காமல், வாரத்துக்கு ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வேர் கீழே இறங்கும். வெறும் மண் தெரியும் இடத்தில் புது விதை தூவுங்கள். இடம் காலியாக இருந்தால்தானே வேண்டாத விருந்தாளி வருவார்? மழை பெய்து மண் இளகியிருக்கும்போது டாண்டிலயனை ஆணிவேரோடு பிடுங்குங்கள். வேரைத் தின்னும் புழுக்களுக்கு, அவற்றைக் கொல்லும் நூற்புழுக்களை வாங்கி மண்ணில் விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துரத்திவிட்ட குளோவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். மருமகள் வீடு திரும்பட்டும்!

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் தர்மம் ஆகாது. 2,4-டி அபாயமா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் ஒரே முடிவு இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் அதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது. 'உண்டாக்கும்' என்று உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். லேபிலில் சொன்னபடி உபயோகித்தால் ஏற்கத்தகாத அபாயம் இல்லை என்பது கனடா மத்திய சர்க்காரின் சுகாதார இலாகாவின் கட்சி.

2,4-டி தயாரிக்கும் டௌ கம்பெனி கியூபெக் தடையை எதிர்த்து சர்வதேச வியாபார ஒப்பந்தத்தின் கீழ் வழக்காடி, 2011-இல் சமாதானமாகப் போயிற்று. லேபில்படி உபயோகித்தால் பெரிய அபாயம் இல்லை என்ற வாசகத்தைக் கியூபெக் ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கு நஷ்டஈடாக ஒரு காசும் கொடுக்கவில்லை, தடையும் நீங்கவில்லை. மனிடோபா மாகாணத்திலோ கதை வேறு மாதிரி. அங்கே 2015-இல் அமலுக்கு வந்த தடையை, களை மிகுந்துவிட்டது என்ற புகாரின் பேரில், 2022-இல் தளர்த்திவிட்டார்கள். பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களுக்கு மட்டும் காவல் மிஞ்சியது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வரும் வரை யார் காத்திருப்பது - மருந்துப் புட்டியா, தவழும் குழந்தையா? பசிக்காகவோ நோய்க்காகவோ தெளிப்பதானால் தராசில் இரண்டு பக்கமும் கனம் இருக்கும். மஞ்சள் பூ பிடிக்கவில்லை என்பதற்காகத் தெளிப்பதானால், ஒரு தட்டில் குழந்தையின் ஆரோக்கியம், மற்றத் தட்டில் எதிர்வீட்டாரின் அபிப்பிராயம். எடை போட்டுப் பார்க்க நிபுணர் எதற்கு? ஆன்டாரியோவில் தடைக்குப் பிறகு நகரத்து நீரோடைகளைச் சோதித்தபோது, 2,4-டி முதலான களைக்கொல்லிகளின் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. வாசலில் தெளிக்காதது ஓடையில் சேராது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நகரசபை, பஞ்சாயத்து என்றால் நம்மில் பலருக்கு அது ஆண்பிள்ளைகள் சண்டை போடும் இடம் என்ற எண்ணம். குழாயில் வரும் தண்ணீரும், தெருவில் அடிக்கும் புகையும், குழந்தை விளையாடும் மண்ணும் அங்கேதான் தீர்மானமாகின்றன. வீட்டுக்குள்ளே அவற்றின் பலனை முதலில் அனுபவிப்பவர்கள் பெண்கள். ஜூன் இர்வின் கோடீசுவரி அல்ல, மந்திரி அல்ல. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். சிரித்தாலும் சலித்துக்கொண்டாலும், அடுத்த மாதமும் போனார். 270 என்று ஓர் எண் கிடைக்க 6 வருஷம் பிடித்தது. அது நிலைக்க இன்னும் 10 வருஷம் பிடித்தது.

ஹட்சன் நகரத்தில் இன்றும் வசந்தத்தில் மஞ்சள் பூ பூக்கிறது. குழந்தைகள் அதைப் பறித்து ஊதுகிறார்கள். தாயார்கள் உள்ளேயிருந்து "தொடாதே, கை கழுவு!" என்று கூவ வேண்டிய அவசியம் இல்லை.